கலஹாரியில் ஒரு குழாய்க்கிணறு

(கொல்லிமலை, வாழவந்தி நாட்டில் நடைபெற்ற நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில், நிலவியல் துறை மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "ஆப்பிரிக்கப் பாலைவனமும் வனவிலங்குகளும்: என் தரைவழிப் பயணம்". காலையில் இட்லி சாப்பிடும்போதே நாலு பேர் கேட்டுவிட்டார்கள், "சிங்கம் பார்த்தியாப்பா?" என்று. பார்த்தேன். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை பார்த்தேன். பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆகையால் சிங்கத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நான் தண்ணீர் ஆள். எங்கே போனாலும் இந்தத் தண்ணி எங்கிருந்து வருது, எத்தனை அடியில கிடைச்சுது, யார் போட்ட போர் என்றுதான் என் புத்தி போகும். அந்தக் கண்ணோடு பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத ஊர் இந்தியாவில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அது கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கிறது. அப்படிப் போன ஒரு வேலையில் மேற்பார்வையாளனாகத்தான் நான் போட்ஸ்வானா போய்ச் சேர்ந்தேன். நம்ம ஊர் பாறை ஊர். மேலே இருக்கும் மண்ணுக்குக் கேசிங் பைப்பை இறக்கிவிட்டால், அதற்குக் கீழே சுத்தியல் பிட் பாறையைப் பொடியாக்கிக்கொண்டே போகும். சுவர் தானாக நிற்கும். சாயந்திரம் ஆரம்பித்தால் விடிவதற்குள் வேலை முடிந்துவிடும். கலஹாரியில் அந்தக் கதை நடக்காது. அங்கே மேலே கிடப்பது மணல். பத்து மீட்டர், ஐம்பது மீட்டர், சில இடங்களில் நூறு மீட்டரையும் தாண்டி மணல்தான். துளை போடப் போட இடிந்து விழும். கேசிங் இறக்கிக்கொண்டேதான் போக வேண்டும். அவ்வளவு பாடுபட்டுத் தண்ணீர் வந்தால், வாயில் வைத்துப் பார்த்தால் உப்பு! நம்ம ஊரில் தேங்காயை உள்ளங்கையில் வைத்துத் தண்ணி பார்ப்பவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அவரே பாதியில் திரும்பியிருப்பார்.

அந்த நாட்டில் பணத்துக்குப் பெயர் "புலா". புலா என்றால் மழை. கூட்டம் முடிந்ததும் "புலா!" என்றுதான் குரல் கொடுப்பார்கள், நாட்டின் முத்திரையிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. மழைக்கும் காசுக்கும் வாழ்த்துக்கும் ஒரே சொல். இதை முதல் சம்பளம் வாங்கிய அன்று ஒருத்தர் விளக்கிச் சொன்னபோது, அந்த ஊரின் பூகோளம் பாதி புரிந்துவிட்டது.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புவதற்கு முன், 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில், நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டியில் கிளம்பினோம். நான், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தொழில் கற்ற இருவர், கேரளத்து ஆசிரியர் ஒருவர். வண்டியின் கூரைமேல் மடக்குக் கூடாரம், பின்னால் அரிசி, பருப்பு, ஊறுகாய், டீசல் கேன், தண்ணீர் கேன். தலைநகர் கபரோனியிலிருந்து நமீபியா போகும் டிரான்ஸ் கலஹாரி சாலையைப் பிடித்தோம். சாலை நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். நம்மூர் டிரைவருக்கு வளைவு இல்லாத சாலைதான் பயம், தூக்கம் வந்துவிடும். அங்கே இன்னொரு பயம், ராத்திரியில் நடுரோட்டில் நிற்கும் கழுதையும் மாடும். இருட்டினால் வண்டியை நிறுத்திவிடுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம்.

நமீப் பாலைவனத்தைப் பற்றி நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். அட்லாண்டிக் கரையை ஒட்டிக் கிடக்கிற, உலகின் மிகப் பழைய பாலைவனங்களில் ஒன்று. சோசுஸ்ஃப்ளே என்ற இடத்தில் முந்நூறு மீட்டர் உயர மணல் மலைகள், விடியற்காலையில் செம்மண் நிறத்தில் நிற்கும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது ஒரு வண்டு. கடலில் குளிர்ந்த பெங்குவெலா நீரோட்டம் ஓடுவதால் மழை வராது, ஆனால் மூடுபனி வரும். அந்த வண்டு மணல் மேட்டின் உச்சியில் ஏறி, தலையைக் கீழே, பின்புறத்தை மேலே வைத்து, பனி வரும் திசைக்கு எதிராக நிற்கும். முதுகில் படிகிற பனி துளியாகத் திரண்டு, உருண்டு, வாய்க்கு வந்து சேரும். ஒரு துளி தண்ணீருக்காகத் தலைகீழாக நிற்பது என்று நாம் சும்மா சொல்கிறோம், அது நிஜமாகவே நிற்கிறது.

அங்கிருந்து வடக்கே எட்டோஷா. 1907-இல் ஜெர்மானியர் ஆட்சியில் காப்பகமாக அறிவித்த இடம். நடுவில் சுமார் 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெள்ளை வெளேரென்று உப்புப் படுகை. சுற்றிலும் ஊற்றுகள், ஊற்று இல்லாத இடத்தில் போர் போட்டுக் கட்டிய குட்டைகள். ஒகாகுயேயோ என்ற முகாமில் குட்டைக்கு ராத்திரி முழுக்க விளக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். நாம் சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம். சினிமாக் கொட்டகை மாதிரிதான், ஆனால் ஒருத்தர் இருமினால் நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வரிக்குதிரை தண்ணீருக்குப் பத்தடி முன்னால் நின்று, வருவதா வேண்டாமா என்று அரைமணி நேரம் யோசிக்கும். யானை யோசிக்காது. கறுப்புக் காண்டாமிருகம் இரண்டு வந்து, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே குடித்துவிட்டுப் போயின. இரவு ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள்தான் ஒரு வழிகாட்டி சொன்னார், அந்தக் குட்டைகள் பலவற்றுக்கு முதலில் பெயர் வைத்தவர்கள் ஹைஓம் என்ற சான் மக்கள் என்று. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் அந்தக் காட்டுக்குள்ளேயே வாழ்ந்தவர்கள். 1954-இல் அவர்களை எட்டோஷாவிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பெயர்களை நமக்குச் சரியாகச் சொல்ல வராது. மாடு ஓட்டும்போது நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ட்டொக்' என்று ஒரு ஒலி எழுப்புவோமே, அது அவர்கள் மொழியில் ஓர் எழுத்து. அப்படி நாலு வகை உண்டு. எங்கள் கூட வந்த கேரளத்து மாஸ்டர் இரண்டு நாள் முயன்றுவிட்டு, "ழகரமே தேவலை" என்று விட்டுவிட்டார்.

எட்டோஷாவுக்கு வடக்கே ஓவாம்போ மக்களின் ஊர்கள். சாலையின் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த காடு. தட்டையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். இறங்கிப் பார்த்தால், கம்பு! அவர்கள் மகாங்கு என்கிறார்கள். மாவைக் கொதிக்கும் நீரில் போட்டுக் கிளறி உருண்டையாக எடுத்து வைத்தார்கள். கையால் பிய்த்து, குழம்பில் தொட்டு விழுங்க வேண்டும். எங்கள் அப்பாயி கிளறும் களிதான். இதில் ஆச்சரியம் என்னவென்றால், நாம் தமிழர் உணவு என்று நினைக்கிற கம்பும் கேழ்வரகும் ஆப்பிரிக்காவில் பிறந்தவை. கம்பு சகாராவின் தென் ஓரத்தில் பயிரானது; கேழ்வரகு எத்தியோப்பிய, உகாண்டா மேட்டு நிலங்களில். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டன. நாம் போகாத பாதையில் தானியம் முதலில் வந்துவிட்டது. இந்தக் கொல்லிமலையில் நம் கண்ணெதிரேயே சாமையும் கேழ்வரகும் குறைந்து, ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற மரவள்ளி ஏறியதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த மரவள்ளியும் நம்முடையது அல்ல, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அது வேறு பேச்சு. விட்டுவிடுகிறேன்.

அங்கிருந்து கிழக்கே காப்ரிவி வழியாகச் சோபே நதிக்கரை, பிறகு ஜிம்பாப்வேயில் ஹுவாங்கே. தொழில் முறையில் எனக்கு முக்கியமான இடம் இது. 14,600 சதுர கிலோமீட்டர் காடு, வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. 1928-இல் காப்பகம் ஆக்கியபோது மழைக்காலம் முடிந்ததும் விலங்குகள் வேறு இடம் போய்விடும். முதல் காப்பாளராக இருந்த டெட் டேவிசன், போர்வெல் போட்டுக் குட்டைகளில் தண்ணீர் விட ஏற்பாடு செய்தார். முதலில் காற்றாலை, அப்புறம் டீசல் இஞ்சின், இப்போது பல இடங்களில் சூரிய மின்சாரம். விலங்குகள் போகாமல் தங்கிவிட்டன. தொடக்கத்தில் ஆயிரத்துக்குள் இருந்த யானைகள் இன்று நாற்பத்தைந்தாயிரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரு பெரிய யானைக்கு நாளைக்கு 150, 200 லிட்டர் வேண்டும். பெருக்கிப் பாருங்கள். சுற்றிலும் மரங்கள் முறிந்து கிடக்கின்றன. மழை தள்ளிப் போனால் பம்பு எட்டாது. 2019-இலும் 2023-இலும் மழை பொய்த்தபோது நூற்றுக்கணக்கில் யானைகள் செத்தன. நாம் போட்ட குழாயை நம்பி ஓர் உயிர்க்கூட்டமே ஊன்றிவிட்டால், அப்புறம் அந்த இஞ்சினை நிறுத்தவே முடியாது. இது டேவிசனைக் குறை சொல்வதற்காக அல்ல. அவர் போர் போடாமல் இருந்திருந்தால் நான் அங்கே யானை பார்த்திருக்கவே மாட்டேன்.

கடைசியாக மத்தியக் கலஹாரிக் காப்பகம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களைக் கூட்டிவந்தேன்.

52,800 சதுர கிலோமீட்டர். கேரளத்தைவிடப் பெரிது. ராகோப்ஸ் என்ற ஊரில் டீசல் நிரப்பிக்கொண்டு மணல் தடத்தில் உள்ளே போக வேண்டும். உள்ளே கடை கிடையாது, தண்ணீர் கிடையாது. நாலு பேருக்கு ஐந்து நாளைக்கு 120 லிட்டர் கொண்டுபோனோம். குளிப்பதைப் பற்றிப் பேசவே கூடாது, பாத்திரத்தை மணல் போட்டுத் துடைத்தோம். கெம்ஸ்பாக் என்று ஒரு மான், ஈட்டி மாதிரி நேர்க்கொம்பு. மாதக் கணக்கில் தண்ணீரே குடிக்காமல் இருக்கும், இரவில் இலையில் ஈரம் ஏறிய பிறகு மேயும். தரையில் சம்மா என்ற காட்டுப் பழம் உருண்டு கிடக்கும். நம் தர்பூசணிக்கு உறவு, ஆனால் இனிக்காது. சான் மக்களுக்கு அதுதான் பானை. அதோடு, தீக்கோழி முட்டை ஓட்டில் தண்ணீர் நிரப்பி மணலில் புதைத்து வைப்பார்கள். ஈர மணலில் நாணலைச் செருகி வாயால் உறிஞ்சித் தண்ணீர் எடுப்பார்கள். கம்ப்ரசர் இல்லாத போர்வெல்!

இந்தக் காப்பகத்தை 1961-இல், பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசிக் காலத்தில் அமைத்தபோது, விலங்குக்காக மட்டும் அமைக்கவில்லை. அங்கே வாழ்ந்த சான் மக்கள் தங்கள் முறைப்படி வாழவும் சேர்த்துத்தான் அமைத்தார்கள். 1980-களில் ஒரு சுரங்க நிறுவனம் வைரம் தேடிப் போட்ட குழாய்க்கிணறு ஒன்று, மொதோமேலோ என்ற குடியிருப்பில் மக்களுக்குப் பயன்பட்டது. அவ்வளவு பெரிய காட்டில் அவர்கள் நம்பியிருந்த கிணறு அது. 1997-இலும் 2002-இலும் அரசாங்கம் அவர்களைக் காப்பகத்துக்கு வெளியே புதுக் குடியேற்றங்களுக்கு அனுப்பியது. வளர்ச்சிக்காக, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரிக்காக என்று காரணம் சொன்னது; வனவிலங்குப் பாதுகாப்பு என்றும் சொன்னது. 2002-இல் அந்தக் கிணற்றின் பம்பைக் கழற்றி மூடிவிட்டார்கள்.

வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பர் 13-ஆம் தேதி, மூன்று நீதிபதிகளில் இருவர் மக்கள் பக்கம். வெளியேற்றியது சட்டப்படி தவறு, அவர்கள் திரும்பிப் போகலாம் என்றது தீர்ப்பு. ஆனால் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பு அரசுக்கு இல்லை என்றும் அதே தீர்ப்பில் இருந்தது. போகலாம், குடிக்கத்தான் முடியாது! கிணற்றை எங்கள் செலவிலேயே திறந்துகொள்கிறோம் என்று கேட்டதற்கும் அனுமதி கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் அதே காப்பகத்துக்குள் விலங்குகளுக்காகப் போர் போட்டிருந்தார்கள். நீச்சல் குளத்தோடு ஒரு சுற்றுலா விடுதியும் வந்துவிட்டது. 2010-இல் உயர் நீதிமன்றம் தண்ணீர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2011 ஜனவரி 27-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, பழைய கிணற்றைத் திறக்கவும் புதிதாகப் போடவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. அந்த ஆண்டே மொதோமேலோவில் மறுபடி தண்ணீர் வந்தது.

நம்ம ஊரில் ஒரு போர் போட ஒரு ராத்திரி. கலஹாரி மணலில் ஒரு வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்டிருந்த குழாயைத் திறக்க ஒன்பது வருஷம். என் தொழிலில் இப்படி ஒரு கணக்கை நான் கேள்விப்பட்டதே இல்லை.

காட்டைக் காப்பாற்றுவதற்கு நான் விரோதி இல்லை. அதே போட்ஸ்வானாவில்தான் ஒரு லட்சத்து முப்பதாயிரம் யானை இருக்கிறது, அது சும்மா வந்துவிடவில்லை. ஆனால் கலஹாரியில் விலங்குகளை அதிகம் கொன்றது அம்பு இல்லை, கம்பி வேலி. கோமாரி நோய் இல்லாத மாட்டுக்கறியை வெளிநாட்டுக்கு விற்பதற்காக, 1950-களிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வேலி போட்டார்கள். வறட்சியில் தண்ணீர் தேடி வடக்கே நடந்த காட்டு மாடுகள் அந்த வேலியில் முட்டி ஆயிரக்கணக்கில் விழுந்தன. பக்கத்து நமீபியா வேறு வழியில் போனது. 1996-இல் சட்டம் திருத்தி, ஊர்மக்களே சங்கம் சேர்ந்து தங்கள் நிலத்து விலங்கைக் காத்து, சுற்றுலா வருமானத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இன்று நாட்டின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அப்படி இருக்கிறது. எல்லாச் சங்கமும் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன், கணக்கு வழக்கில் தகராறு அங்கேயும் உண்டு. ஆனாலும் 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்துக் குனோவுக்கு எட்டுச் சிவிங்கிப்புலிகள் வந்தனவே, அவற்றை அனுப்ப முடிந்த நாடு அதுதான்.

இதைக் கொல்லிமலையில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தான் என்று புறநானூறு பாடுகிறது. புலவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஆனால் மலையில் யானையும் புலியும் இருந்ததால்தானே சொன்னார். இன்று இரண்டும் இங்கே இல்லை, மனிதர்கள் இருக்கிறோம். குறிஞ்சியும் முல்லையும் வறண்டு கெட்டால் பாலை ஆகும் என்பார் இளங்கோவடிகள். தமிழில் பாலை என்பது ஓர் இடம் அல்ல, ஒரு நிலைமை. மலைமேல் ஊற்று வற்றினால் இதுவும் அதுதான்.

இன்னொன்று. போட்ஸ்வானா தீர்ப்பு வந்தது 2006 டிசம்பர் 13 என்றேன். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 15-இல் நம் மக்களவையிலும் 18-இல் மாநிலங்களவையிலும் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஒரே வாரம்! காட்டுக்குள் தலைமுறையாக வாழ்பவனுக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்று இரண்டு கண்டங்களில் எழுதினார்கள். அங்கே கிணற்றைத் திறக்க 2011. இங்கே தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது தடைப்பட்டு, அது விலக 2016. அங்கேயும் முழுதாக முடியவில்லை. தான் பிறந்த காப்பக மண்ணில் புதைக்கப்பட வேண்டும் என்று விரும்பி இறந்த ஒரு பெரியவரின் உடல், அனுமதி இல்லாமல் இரண்டு ஆண்டுக்கு மேல் பிணவறையில் இருந்தது. ஆட்சி மாறிய பிறகு 2024 டிசம்பரில்தான் அடக்கம் நடந்தது. நம் மலையில் மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிற குடும்பங்களுக்கு, நம்மில் வக்கீல் படித்தவர்களும் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து காகிதங்களைப் பார்த்துக் கொடுத்தால் நல்லது. கிராம சபைத் தீர்மானமும் வரைபடமும் சரியாக இல்லாமல் நின்றுபோவதுதான் அதிகம். செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பயணம் போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மே முதல் அக்டோபர் வரை போங்கள். மழை இல்லாததால் விலங்குகள் குட்டைக்கு வரும். ராத்திரி குளிர் எலும்பைப் பிடிக்கும், பாலைவனம்தானே என்று சட்டையோடு போகாதீர்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே போட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே பிடித்து வைப்பார்கள். சோபே பக்கம் மலேரியா உண்டு. அரிசி அங்கே கிடைக்கும். ஊறுகாய் மட்டும் இங்கிருந்து எடுத்துப் போங்கள்.

படங்களைப் பந்தி முடிந்த பிறகு போட்டுக் காட்டுகிறேன், தூங்கும் சிங்கம் உட்பட.